அமலாவுக்கு ஞாயிறு விடுமுறை

கம்பெனிக்காரர்கள் அமலாவைத் தேடி இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். முதல் முறை வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள்.

அன்று அவள் நிலக்கோட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பிரிட்டோ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வத்தலக்குண்டு சாலையிலிருந்து சந்துக்குள் கார் திரும்பிய சத்தத்தை வைத்தே அது யார் வண்டி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் குளிர்வண்டியைத்தான் அவன் ஓட்டினான். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் வெட்டிய பூக்களைப் பெட்டி பெட்டியாக மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. ஏதோ தப்பு நடந்து தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். வந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அமலாவைத்தான் கேட்டார்கள்.

அமலாவும் அங்கே வேலை பார்த்தவள்தான். பேக்கிங் ஷெட்டில் செவந்திக் கொத்துகளுக்கு அடியிலை உருவி, தண்டு நறுக்கி, கட்டுப் போடுகிற வேலை. முதலில் விரலிடுக்கில் தடிப்பு வந்தது. செவந்திப் பால் பட்டால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். பிறகு கண் அரித்தது. பிறகு அடுக்குத் தும்மல். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மூக்கும் நெஞ்சும் அடைத்துக்கொள்ளும். கடைசியில் இளைப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் பூனைக்குட்டி கத்துவது போல நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வரும். உடம்புதாம்மா முக்கியம் என்று சூப்பர்வைசர் ரொம்ப மரியாதையாகச் சொல்லி அவளை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் இட்லி மாவு விற்றாள். பூவை விட்டு விலகியதும் நெஞ்சு மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது.

காரில் வந்தவர் கம்பெனி டாக்டர் நிவேதன். சின்ன வயதுக்காரர். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். பூ வாங்குகிற நாடுகளில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். அங்கே பூக்கடையில் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வருவதால், நோய் கிளப்பாத பூ என்ற சான்று இல்லாமல் ஒரு பெட்டிகூட இறங்க முடியாதாம்.

“அதுக்குத்தான் மெஷின் இருக்கும்ல சார்,” என்றாள் அமலா.

“மெஷின் மகரந்தத்த எண்ணிடும்மா. ஆனா எது வெறும் தூசி, எது ஆளுக்கு மூச்சடைக்கும்னு அதுக்குத் தெரியாது. இலைப் பால் காஞ்சு பொடியா ஒட்டியிருக்கும். பூஞ்சை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இருக்கும். இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல கண்டுபிடிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ஏற்கெனவே அடிபட்ட மூச்சுக்குழாய்.”

கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டுகிற ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். மூச்சுக்குழாய் ஒரு மயிரிழை சுருங்கினாலும் இது சொல்லிவிடும் என்றார். நோயாளிக்கு இருமல் வருவதற்கு முன்பே இதற்குத் தெரிந்துவிடும். உடனே மேசையில் சிவப்பு விளக்கு எரியும், பெட்டி விலக்கப்படும், மருந்துப் புகை தானாக முகத்துக்கு வரும். ஆபத்தே கிடையாது.

அமலா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அங்க பூக்கடைக்காரிக்கு இளைப்பு வரக் கூடாதுன்னு, இங்க எனக்கு வரணுமாக்கும்?”

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிரிட்டோ சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு, வேண்டாம் என்றான். மாவு வியாபாரமே போதும், இப்போதுதான் ராத்திரி படுத்துத் தூங்குகிறாய் என்றான். அவள் கிரைண்டர் கல்லைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

“இந்த மூச்ச வச்சுத்தானங்க என்னைய வெளிய தள்ளுனாய்ங்க? இப்ப இதே மூச்சுக்குக் கார் அனுப்புறாய்ங்க. ஒரு தடவ நான் அந்தக் கம்பெனி கேட்டு வழியா நிமிந்து போகணும்ல.”



*

பேக்கிங் ஷெட்டின் மூலையில் கண்ணாடித் தடுப்புகள் எழுந்தன. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பெண். பெட்டி வந்து நிற்கும். அதற்குள்ளிருக்கும் காற்றை ஒரு குழாய் உறிஞ்சி முகத்துக்கு நேராக ஊதும். அவர்கள் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஷெட்டில் எல்லோரும் அவர்களை மூச்சுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். முன்பு இருமினாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட சூப்பர்வைசர், இப்போது அவர்களுக்குத் தன் கையாலேயே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அமலாவுக்கு அடுத்த தடுப்பில் ஜெபராணி இருந்தாள். வாய்த்துடுக்கானவள். ஊரில் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இளைப்புக்காரி என்று எழுந்து போன கதையையும், இப்போது அதே வீட்டார் தங்கள் மருமகளுக்கு இளைப்பு வரவைக்க முடியுமா என்று விசாரிக்கிற கதையையும் நடித்துக் காட்டுவாள். அது வெறும் கதையும் இல்லை. நிலக்கோட்டையில் நல்ல நெஞ்சோடு இருந்த பெண்கள் சிலர், செவந்திப் பொடியை முகர்ந்து பழகுவதாகப் பேச்சு அடிபட்டது.

சிவப்பு விளக்கில் விலக்கப்பட்ட பூவைக் கம்பெனி எரிக்கவில்லை. அது உள்ளூர்ச் சந்தைக்குப் போயிற்று. மாலை கட்டுகிறவர்களுக்கு யாரும் சட்டம் போடவில்லை.

அமலாவைப் போலக் கூர்மையான மூச்சு அங்கே யாருக்கும் இல்லை. மற்ற மூன்று பேர் பச்சை காட்டிய பெட்டிக்கு அவள் சிவப்பு காட்டுவாள். பிரித்துப் பார்த்தால் அடித் தண்டில் பூஞ்சை இருக்கும். அவள் பச்சை காட்டிய பூ ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. சமையல் நன்றாக இருக்கிறது என்றால் சிலர் முகம் மலருமே, அப்படி.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு விதி இருந்தது. பூவை விட்டு விலகியிருந்தால் மூச்சின் கூர்மை மழுங்கிவிடும் என்று கம்பெனியில் நம்பினார்கள். அதனால் நீண்ட விடுப்பு கிடையாது. வார விடுமுறை உண்டு. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒரு சோதனை வைப்பார்கள். பட்டை மெதுவாகப் பதில் சொன்னால் அன்று தடுப்புக்குள் உட்கார முடியாது. மூச்சுக்காரிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கச்சேரிக்கு முன்னால் பாடகர் தொண்டையைத் தயார் செய்வது போல, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூ வைத்துக்கொண்டார்கள். விலக்கிய பெட்டியிலிருந்து ஒரு கொத்து. ஜெபராணி அடுப்படியில் வைத்தாள். அமலா செம்பில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஷெட்டில் பட்டை இருந்தது, மருந்துப் புகை இருந்தது. வீட்டில் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துப் பம்பு மட்டும்தான்.

இது தெரிந்த அன்று பிரிட்டோ செம்போடு தூக்கிச் சாக்கடையில் ஊற்றினான். அந்த வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு சண்டை நடந்ததில்லை. மகள் ஷைனி திண்டுக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அவளும் அழுதாள். நெஞ்சுக்கு ஓய்வு கொடும்மா, வாரத்துல ஒரு நாளாச்சும் கொடும்மா என்றாள். ஷைனி படிப்பு முடிந்ததும் நின்றுவிடுகிறேன் என்று அமலா வாக்குக் கொடுத்தாள். சொன்னால் செய்கிறவள்தான் அவள்.

“எங்கூட வேலைக்கு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மழுங்கிப்போய்ட்டாங்க,” என்றாள் அவனிடம். “நான் ஒருத்தி நிக்கிறேன். அது சும்மா நிக்கல.”

*

அவள் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்கு இருவரும் சேர்ந்துதான் போய் வந்தார்கள். கறி எடுத்து வருவதாகச் சொல்லி அவன் கடைத்தெருவுக்குப் போனான். அங்கே கூட்டம். திரும்பி வந்தபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. பூக்கொத்து வாசலைத் தாண்டி நடுச் சந்தில் கிடந்தது. அவளே எடுத்து வீசியிருக்க வேண்டும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, கதவு நிலையில் தலையைச் சாய்த்திருந்தாள். பம்பு மடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ எடுத்தார். ஆஸ்பத்திரியில் நெடுநேரம் பார்த்தார்கள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. கம்பெனி ஆளுயர மலர்வளையம் அனுப்பியிருந்தது, எல்லாம் செவந்தி. வந்தவர்கள் எல்லாரும் மாலையோடு வந்தார்கள். சவப்பெட்டி பூவுக்குள் புதைந்துபோயிற்று. பிரிட்டோ தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். சற்று நேரம் கழித்துத்தான் அவன் தெருவைக் கவனித்தான். எதிர்ச் சுவரோரமாக, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்காரிகள் எல்லோரும் வெயிலில் நின்றிருந்தார்கள். அத்தனை பூவுக்கு நடுவே அவர்களால் பந்தலுக்குள் வர முடியவில்லை.

அவன் மாலைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். ஒரு பெரியவர் தடுத்தார். செத்தவளுக்குப் போட்ட மாலையை அடக்கத்துக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்றார். அவன் நிறுத்தவில்லை. பிறகு பங்குச் சாமியாரும் கூட வந்து எடுத்தார். மலர்வளையத்தை நாலு பேர் சேர்ந்து சந்தின் கடைசிக்குத் தூக்கிப் போனார்கள். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அதன் பிறகு அந்தப் பெண்கள் உள்ளே வந்து, பூவே இல்லாத பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஜெபராணி அமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த வளையம் நீ பாஸ் பண்ணுன பூவாக்கா, பண்ணாத பூவா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

*

இரண்டாம் முறை டாக்டர் மட்டும் தனியாக வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். ஷைனியும் வீட்டில் இருந்தாள்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். மூச்சுக்காரிகளுக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை என்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களே, அப்போது எல்லோரிடமும் அரிசி முனையளவு சதை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களுடையது வளரவில்லை. அமலாவுடையது வளர்ந்திருக்கிறது. அவளுடைய ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு அணுக்களையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அது ஒரு சின்ன வளையம். ஒரு மூச்சுக்குழாய்த் துண்டு. கெட்ட பூவின் காற்றை ஊதினால் சுருங்குகிறது. மருந்து கொடுத்தால் விரிகிறது. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

“அதுக்கு வலிக்குமா சார்?” என்று கேட்டாள் ஷைனி.

“வலிக்கிறதுக்கு மூளை வேணும்மா. அது வெறும் திசு. உனக்கே தெரியும்.”

“தெரியும்,” என்றாள் அவள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முடியாது என்று சொல்லிவிடத்தான் பிரிட்டோ வாயெடுத்தான். செத்த பிறகும் அவள் அந்தக் கேட்டுக்குள்தான் மூச்சுத் திணற வேண்டுமா? அதை டாக்டர் எதிர்பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க முடியாதுன்னா நான் வற்புறுத்த மாட்டேன். ஆனா பெட்டி போய்த்தான் ஆகணும். நாளைக்கும் அந்த நாற்காலியில யாராவது உக்காரணும். ஜெபராணி உக்காந்திருக்காங்க. இது வந்துட்டா யாரும் உக்கார வேண்டாம்.”

அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அது கனத்தது.

மறுநாள் பிரிட்டோ அந்த வளையத்தைப் பார்க்கப் போனான். ஒரு கண்ணாடிக் குமிழுக்குள், இளஞ்சிவப்பு நீரில், குழந்தை மோதிரத்தைவிடச் சிறியதாக அது இருந்தது. வெளிச்சம் போட்டுத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஒரு கெட்ட பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். காற்று போயிற்று. வளையம் ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு நடுவிலிருந்த ஓட்டை சிறுத்துச் சிறுத்து, கடுகு போலாகி, மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. மருந்து விட்டதும் மெல்லத் திறந்தது. முழுதாகத் திறப்பதற்கு முன்பே பெல்ட்டில் அடுத்த பெட்டி வந்துவிட்டது.

“நிப்பாட்டுங்க,” என்றான் பிரிட்டோ.

பெல்ட்டை நிறுத்தினார்கள். வளையம் நன்றாக விரிகிற வரைக்கும் அவன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினான்.

“சம்மதிக்கிறேன் சார். ஆனா இப்ப விரிஞ்சுதுல்ல, இந்த மாதிரி முழுசா விரியிற வரைக்கும் அடுத்த பொட்டி வரக் கூடாது. அப்புறம் ஞாயித்துக்கிழம ஒரு பொட்டிகூட அவ முன்னால போகக் கூடாது. கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் லீவு. எங்க ஊர்த் திருவிழாவுக்கும் லீவு.”

“பிரிட்டோ, அது திசுங்க. அதுக்கு லீவு தேவையில்ல. சொல்லப்போனா சும்மா விட்டா மழுங்கிப்போயிரும்.”

“மழுங்குனா மழுங்கட்டும். அவளுக்கு லீவு வேணும்.”

டாக்டர் மேலிடத்தில் பேசினார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் ஏதோ சொல்கிறான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஒத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புகளைப் பிரித்துப்போட்டார்கள். மூச்சுக்காரிகளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஜெபராணி வீட்டு வாசலில் வந்து நின்று, உயிரோடு இருக்கும்போதும் அக்கா தன்னை முந்திக்கொண்டாள், இப்போதும் தன் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள் என்று திட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அது ஆறுதலா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மழைக்காலத்தில் அவள் பம்பு இல்லாமல் மலைக்கோயில் படி ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

பிரிட்டோ வண்டி ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பெட்டியை ஏற்றியதும், உள்ளே போய்ப் பெல்ட்டின் சுவிட்சைத் தானே அணைப்பான். இயந்திரத்தைக் கவனிக்கிற பையன்கள் முதலில் தங்களுக்குள் சிரித்தார்கள். பிறகு அவனுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

கம்பெனிக்கு ஓசூரிலும் ஊட்டியிலும் பேக்கிங் ஷெட்டுகள் இருந்தன. அமலாவின் திசுவிலிருந்து வளையங்கள் வளர்த்து அங்கேயும் வைத்தார்கள். அங்கே கேட்க ஆள் இல்லை. இரவு பகலாக ஓட்டினார்கள். சில வாரங்களிலேயே அந்த வளையங்கள் மண்வெட்டி பிடித்த கை போலக் காய்த்துத் தடித்துப்போயின. நல்ல பூவுக்கும் மூடிக்கொண்டன, மூடியவை திறக்கவில்லை. புதிது வளர்த்து வைத்தால் அதற்கும் அதே கதி. நிலக்கோட்டை வளையம் மட்டும் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலையில் அது மற்ற எல்லா நாளையும்விடக் கூர்மையாக இருந்தது.

டாக்டர் இதைச் சொல்ல அவனைத் தேடி லாரி நிற்கிற இடத்துக்கே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். “நாங்க நெனச்சது தலைகீழ் பிரிட்டோ. பூவோட இருந்தாத்தான் கூர்மைன்னு நெனச்சோம். இல்ல. ஓய்வுதான் கூர்மை. ஓய்வு இல்லாமத்தான் மழுங்குது.”

பிரிட்டோ குளிர்வண்டியின் பின்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான்.

“அப்ப அவ இருந்தப்பவே ஓய்வு குடுத்திருந்தா?”

டாக்டர் நல்ல மனிதர்தான். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தார்.

“இன்னும் நல்லா வேலை செஞ்சிருப்பாங்க,” என்றார்.

அடுத்த வாரம் எல்லா ஷெட்டுகளுக்கும் விதி வந்தது. நிலக்கோட்டையில் அதைப் பலகையில் எழுதி, பேக்கிங் ஷெட் வாசலிலேயே ஆணியடித்தார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் முழு ஓய்வு. ஞாயிறு விடுமுறை. பண்டிகை விடுமுறை. மீறினால் சூப்பர்வைசர் மீது நடவடிக்கை.

பிரிட்டோ வண்டியை விட்டு இறங்கியபோது, பாலிஹவுசிலிருந்து பூவெட்டுகிற பெண்கள் சிலர் கூடைகளோடு வந்து அந்தப் பலகையின் முன்னால் நின்றிருந்தார்கள். பூவுக்கு ஞாயிறு தெரியாது; அவர்கள் வாரம் முழுவதும் வெட்டுகிறவர்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அவளுடைய விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன. படித்து முடித்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது.

“அண்ணே, நெசமாவா? ஞாயித்துக்கிழம லீவாண்ணே நமக்கு?”

பிரிட்டோ பலகையைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

“நமக்கு இல்லம்மா,” என்றான். “அமலாவுக்கு.”